பிரேக்குக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி

ஜீப் ஸ்டாண்டில் அவரை எல்லாரும் வெறுங்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் மட்டும் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். செருப்பு வாங்க வக்கில்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல தோல்செருப்பு வைத்திருந்தார். வீட்டிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் இரண்டையும் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். முப்பத்தோரு வருடத்தில் அந்த மலைச்சாலையில் அவர் செருப்புக் காலோடு பிரேக்கை மிதித்ததே இல்லை.

சாலை என்று சொல்வது நம்முடைய பெருந்தன்மை. தார் முடிகிற இடத்தில் ஸ்டாண்டு. அங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் வெறும் சரளை. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. உச்சியில் வாகனம் போக வழியற்று ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கும் இடத்துக்குப் பாதைவாய் என்று பெயர். மலையேற வருகிறவர்களை அங்கே இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவதுதான் ஓட்டுநர்களின் பிழைப்பு. வழியில் இருபத்துமூன்று வளைவுகள். பதினேழாவதுக்கு அம்மாடி வளைவு என்று பெயர். அதில் திரும்பும்போது எப்பேர்ப்பட்ட வீரனும் ஒருமுறை 'அம்மாடி' என்று சொல்லிவிடுவான்.

சரளையில் பிரேக் போடுவது தனி வித்தை. தார்ச்சாலையில் மிதித்தால் வண்டி நிற்கும். சரளையில் மிதித்தால் சக்கரம்தான் நிற்கும். வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு ஒரு நொடி முன்னால் மிதிக்கட்டையில் மெல்லிய நடுக்கம் ஒன்று வரும். அப்போதே காலை எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். "அந்த நடுக்கம் ஷூவுக்கு எங்கய்யா தெரியும்?" என்பார் அவர். "கையில உறை மாட்டிக்கிட்டுச் சோறு பெசையற கதைதான். கண்ணு ரோட்டுல இருக்கணும், காது எஞ்சின்ல இருக்கணும், உசுரு உள்ளங்கால்ல இருக்கணும்." இதைக் கேட்காத பயணி கிடையாது. கேட்டு அலுக்காத ஓட்டுநரும் கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாய்ப்பேச்சு அளவுக்கு வேலையும் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் அவர் ஜீப்பில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. மழை பெய்த மறுநாள் வனக்காவலர்களே ஸ்டாண்டுக்கு வந்து, "வெறுங்கால், இன்னிக்கு வண்டி விடலாமா?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் சாலையை மறித்துக் கட்டிய சங்கிலியை அவிழ்ப்பார்கள்.

அந்த உள்ளங்கால்தான் போன மழைக்காலத்தின் கடைசியில் அவரைக் கைவிட்டது.

அது ஓர் ஈர மாலை. கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். அவர் மனைவி மலையேறுபவர்கள் தங்கும் விடுதியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். அப்போதுதான் வந்து ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒத்தைச் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் கணுக்கால் வரை சேறுதான் இருந்தது.

"சேத்துல எங்கயோ மாட்டிக்கிச்சு போல."

"மாட்டிக்கிட்டது கூடவா தெரியல? நல்லாத்தான் பேரு வச்சாங்க உங்களுக்கு!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார். காலைக் கழுவப் போனபோதுதான் உறைத்தது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வெறுங்காலால் சேற்றை மிதித்து வந்திருக்கிறார், காலுக்குத் தெரியவில்லை.

ஜீப்புக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நகரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்து, ஷுகர் ரொம்ப வருடமாகவே இருந்திருக்கும் என்றாள். பிறகு அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"நான் தொடும்போது சொல்லுங்க. இப்ப தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. அவர் இமையை நூலளவு திறந்து அவள் கை போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டார். "தெரியுது," என்றார்.

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"ஆங்... நல்லாத் தெரியுது."

அவள் இழையைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தத் தடவை நான் தொடவே இல்லையே, சார்."

ஐம்பத்தாறு வயதில் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவர் மாதிரி அவருக்கு முகம் சிவந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். "சும்மா வீட்டுலதாம்மா இருக்கேன்," என்றார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணை.

"நல்லது. வண்டி கிண்டி எதையும் தொடாதீங்க. உங்க காலு எங்க இருக்குன்னு காலுக்கே தெரியாது. வெறுங்காலோட நடக்கவே நடக்காதீங்க. தெனம் உள்ளங்காலைப் பாருங்க, முள்ளு குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாது." இதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்து ஜீப்பின் ஸ்பானர் பெட்டிக்குள், அழுக்குத் துணிக்கு அடியில் வைத்தார். மாத்திரையை மட்டும் வாயு மாத்திரை என்று சொல்லி வீட்டில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே சாவியை ஆணியில் மாட்டியிருக்க வேண்டும். அவருக்கும் அது தெரியும். ஆனால் மாட்டிவிட்டு மறுநாள் காலையில் எங்கே போவது? அந்த ஊரில் அவர் யார்? மலைச்சாலையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், அவ்வளவுதான். வனக்காவலர்கள் வேறு யாரையாவது கேட்டுவிட்டுச் சங்கிலியை அவிழ்ப்பார்கள். சாவைவிட இது பெரிய பயமாக இருந்தது. ஷூ போடலாமே என்று ஒருநாள் யோசித்தார். வெறுங்கால் ஷூ போட்டால் அன்றைக்கே ஸ்டாண்டு முழுக்கக் கேள்வி வரும்.

கேள்வி வராத வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடி. நீலச் சட்டம் போட்டது, ஒரு மூலை உடைந்தது. அதைக் கிளட்ச் பக்கத்துத் தகட்டில் சாய்வாகச் செருகி வைத்தார். கால் காட்டாத தகவலை இனிமேல் கண் காட்டும். பிரேக்கில் கால் இருக்கிறதா, ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டப் பழகினார். குனிந்து பார்த்தால்தானே பயணிகளுக்குச் சந்தேகம் வரும்? இதைக் கண்டுபிடித்த அன்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். ரோட்டைப் பார்க்க வேண்டிய கண்ணைக் காலுக்குக் கடன் கொடுத்துவிட்டோம் என்பது உறைக்கவில்லை.

வீட்டில் இரண்டு நாள் தேடுதல் நடந்தது. "இங்க மாட்டியிருந்த கண்ணாடிக்கு என்ன, கால் மொளச்சா போச்சு?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? நானா பொட்டு வச்சுக்கறேன்?" என்றார் அவர்.

கண்ணாடி இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒருநாள் நான்கு கல்லூரிப் பிள்ளைகளைப் பாதைவாயிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, அம்மாடி வளைவில் சாயங்கால வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்தது. ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை. பிரேக் என்று நினைத்து மிதித்தார். ஜீப் சீறிக்கொண்டு பாய்ந்தது. சட்டென்று காலைத் தூக்கி, கையால் கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தார். பின்பகுதி வழுக்கிச் சுழன்று, ஓரத்தில் அடுக்கியிருந்த கற்களில் போய் முட்டி நின்றது. இரண்டு கற்கள் கீழே உருண்டன. அவை எங்கோ போய் விழுந்த சத்தம் வரவே வெகுநேரம் ஆனது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். "சூப்பர் அண்ணே! இன்னொரு தடவை!" விளையாட்டுக்குச் செய்து காட்டினார் என்று நினைத்துவிட்டார்கள்.

"இன்னொரு தடவைன்னா நீங்க ஜீப்புல வரமாட்டீங்கடா, பறந்துதான் போவீங்க," என்று அவரும் சிரித்தார். கீழே வந்து அவர்களை இறக்கிவிட்டு, ஓடைப்பக்கம் போய் முகத்தைக் கழுவினார். உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மறுநாள் வந்து, வெயில் படாமல் கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

அந்த வாரக் கடைசியில் மகள் போன் செய்தாள். நகரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒற்றுப் பிழைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பேனாவோடுதான் படிப்பாள் என்று அவள் கணவன் கேலி செய்வான்.

"அப்பா, பாப்பாவுக்கு ஏழு வயசாயிடுச்சு. எனக்கு நீங்க மலையைக் காட்டினதும் ஏழு வயசுலதானே? ஞாயித்துக்கிழமை வர்றோம். பாதைவாய்ல எறங்கி ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வரலாம்னு இருக்கோம். முன்சீட்டு பாப்பாவுக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்கென்னம்மா, வாங்க, வாங்க," என்றார். போனை வைத்தபிறகு சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை அளைந்துகொண்டே இருந்தார். பேத்தி முன்சீட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வருவது மாதிரியும், அம்மாடி வளைவில் வெயில் அடிப்பது மாதிரியும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. மனைவி இரண்டு தடவை கேட்டாள், உடம்புக்கு என்ன என்று. வாயு என்றார்.

ஞாயிறு காலை ஸ்டாண்டில் நல்ல கூட்டம். மகளும் மருமகனும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பேத்தி ஓடிவந்து ஜீப்பின் முன்கதவைப் பிடித்துத் தொங்கினாள்.

"எறங்கு கண்ணு," என்றார் அவர். "இந்த வண்டி இன்னிக்கு வேணாம். பிரேக் ஒரு பக்கமா இழுக்குது. மெக்கானிக் வரணும். நீங்க வாயாடி வண்டில போங்க."

வாயாடி என்பவன் ஸ்டாண்டின் இளைய ஓட்டுநர்களில் ஒருவன். பேச்சைக் குறைத்தால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவன். ஆனால் கை சுத்தம், கால் அதைவிடச் சுத்தம். அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துப் போப்பா. அம்மாடில மொதல் கியர். அங்க மட்டும் வாயை மூடிக்க. என் உசுரு உள்ள உக்காந்திருக்கு."

"அண்ணே, என் வாய்தான் ஓடும். வண்டி நடந்துதான் போகும். கவலைய விடுங்க."

பேத்திக்கு முகம் தொங்கிப்போனது. மகள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். வாயாடியின் ஜீப் கிளம்பி நூறடி போய், சங்கிலிச் சாவடியில் பெயர் எழுத நின்றது. அவருக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார்.

அப்போதுதான் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு முறை எழுதுகிறவர் குரல் கொடுத்தார். "வெறுங்கால்! அடுத்த முறை உன்னுது. நாலு பேரு."

கணவன், மனைவி, மனைவியின் தங்கை, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண். இப்போதாவது வண்டி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்டாண்டு மெக்கானிக் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காருவான், கண்ணாடியைப் பார்ப்பான். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு நடை, அவ்வளவுதான். பார்த்துப் பார்த்து ஓட்டினால் ஆயிற்று. "ஏறுங்க," என்றார். மஞ்சள் தொப்பி கேட்காமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தது. இந்த இடத்தில் அவருக்காகப் பரிந்து பேச ஒரு வார்த்தையும் கிடைக்காது. தன் பேத்தியை உட்காரவிடாத அதே சீட்டு அது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

செருப்பைக் கழற்றி உள்ளே தள்ளினார். எஞ்சினை முடுக்கினார். கண்ணாடியில் காலைப் பார்த்துக் கிளட்சை விடப்போகும்போது முன்னால் யாரோ நடந்து வருவது தெரிந்தது. மகள். சாவடியிலிருந்து தனியாக, வேகமாக வந்தாள். நேரே அவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா, பிரேக் இழுக்குதுன்னீங்க."

"ஆமாம்மா... லேசாத்தான்."

"லேசான்னா எங்களையே கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

"எங்களுக்கு ஆகாத வண்டி இவங்களுக்கு மட்டும் எப்படிப்பா ஆகும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அச்சுத்தாளில் பிழையைச் சுழித்துக் காட்டுவதுபோலத்தான் கேட்டாள். பின்சீட்டிலிருந்த, மஞ்சள் தொப்பியின் அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. "என்னங்க, வண்டில ஏதாச்சும் கோளாறா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றார் அவர். "வண்டில ஒரு கோளாறும் இல்ல." ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது. சொன்னதும் அவருக்கு வியர்த்துக்கொட்டியது. மழைக்காலம் முடிந்து இத்தனை நாளில் இந்த முன்சீட்டில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. ஒரு முகத்தையும் அவர் பார்த்ததே இல்லை. அவர் கண்தான் வேறு இடத்தில் இருந்ததே.

"அம்மா, இங்க கீழ ஒரு கண்ணாடி இருக்கு!" என்றது மஞ்சள் தொப்பி, குனிந்தபடி. "அதுல தாத்தாவோட காலு தெரியுது. காலு ரத்தமா இருக்கு!"

மகள் கதவைத் திறந்தாள். குனிந்தாள். நீலச் சட்டம், உடைந்த மூலை. பள்ளிக்கூடம் போகும் காலத்தில் தினமும் தலை வாரிக்கொண்ட கண்ணாடி. அம்மா இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் புலம்பிய கண்ணாடி. அதற்குள் அப்பாவின் வலது உள்ளங்கால் தெரிந்தது. குதிகாலுக்கு மேலே சதைக்குள் ஒரு சரளைக் கல் புதைந்து, சுற்றிலும் கறுத்துப்போய், அதிலிருந்து புது ரத்தம் மிதிக்கட்டை வரை இழுபட்டிருந்தது. எப்போது ஏறிய கல்லோ, அவருக்குத் தெரியாது. காலையில் வண்டி கழுவினபோது இருக்கலாம். நேற்றாகவும் இருக்கலாம். கால் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பாரே தவிர, காலை அவர் பார்த்ததில்லை.

"வலிக்கலையாப்பா?"

அவர் எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினார். பின்னால் திரும்பி, யார் முகத்தையும் பார்க்காமல், "எல்லாரும் எறங்கிக்கங்க. அடுத்த வண்டில போங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார். அந்த அம்மா முதல் வேலையாக மகளைத் தூக்கி இறக்கி, தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். இறங்கின பிறகும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை அவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. முறை எழுதுகிறவர் நோட்டும் கையுமாக வந்து நின்றார். சாவடியில் வாயாடி, வாழ்க்கையில் முதல்முறையாக, பேசாமல் இருந்தான்.

மகள் மண்ணில் மண்டியிட்டாள். அவர் காலை வெளியே எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். கோபத்தில் அவள் உதடு துடித்தது. ஆனால் கை மெதுவாகத்தான் தொட்டது.

"நான் அழுத்தறேன். உண்மையைச் சொல்லணும். இப்ப தெரியுதா?"

கீழே பார்த்திருந்தால் அவள் விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஒரு 'தெரியுது'வைச் சொல்லியும் இருக்கலாம். ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை நூலளவுகூடத் திறக்கவில்லை. காலிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

"தெரியலம்மா," என்றார். "நீ அழுத்த ஆரம்பிச்சிட்டியா?"

அவள் அதற்குள் கல்லைப் பிடுங்கி எடுத்துவிட்டிருந்தாள்.